இல்லாத கணினியும் இறவாத கதையும்

கணினியைப் பற்றி எழுத இலக்கிய ஆர்வலர்களுக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. ஆயினும், கதை சொல்வதற்கென்றே ஒரு கணினி உருவாக்கப்பட்டது என்பதும், அந்தக் கணினி எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படாமல் தாளில் மட்டுமே பிறந்தது என்பதும், அதற்காக எழுதப்பட்ட கதைகள் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு சொல் மாறாமல் இயங்குகின்றன என்பதும் இலக்கியம் பேசுவோர் அறிய வேண்டிய செய்திகளே என்று நாம் கருதுகிறோம். அவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, அதிலிருந்து தமிழுக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பதை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1977 முதல் 1979 வரையிலான காலத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்ளிங் ஆகிய நால்வர் 'ஸோர்க்' என்னும் விளையாட்டை எழுதினர். அதில் படங்கள் இல்லை. கணினி ஓர் இடத்தை உரைநடையில் வருணிக்கும். படிப்பவர் 'விளக்கை எடு', 'வடக்கே போ' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வார். கணினி அதைப் புரிந்துகொண்டு கதையை நகர்த்தும். அந்நிரல் அறையளவு பெரிய பிடிபி-10 கணினியில் ஓடியது. ஒரு மெகாபைட் அளவை ஒட்டிய நினைவகத்தை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு ஒரு புகைப்படத்துக்குக்கூடப் போதாத அளவு அது. அன்றைய வீட்டுக் கணினிகளிலோ 32 அல்லது 48 கிலோபைட் நினைவகமே இருந்தது.

1979-இல் இவர்களிற் சிலரும் நண்பர்களும் சேர்ந்து 'இன்ஃபோகாம்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கியபோது இரண்டு இடர்கள் எதிரே நின்றன. யானையைப் பானைக்குள் அடைக்க வேண்டும் என்பது முதலாவது. பானைகள் ஒன்றுபோல் இல்லை என்பது இரண்டாவது. டிஆர்எஸ்-80, ஆப்பிள் 2, பின்னர் வந்த அட்டாரி, காமடோர், ஐபிஎம் என ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு உள்மொழி. இருபது கதைகளைப் பத்து வகைக் கணினிகளுக்கு எழுதுவதாக வைத்துக்கொண்டால் இருநூறு முறை எழுத வேண்டும்.

ஜோயல் பெரெஸும் மார்க் பிளாங்கும் கண்ட தீர்வு எளியது. எளியது என்பதாலேயே அழகியது. எங்கும் இல்லாத ஒரு கணினியை அவர்கள் கற்பனை செய்தார்கள். அதற்கு இத்தனை நினைவகம், இன்னின்ன கட்டளைகள், எழுத்துகளை இப்படிச் சேமிக்கும் என்று விதி வகுத்தார்கள். கதைகள் யாவும் அந்த இல்லாத கணினிக்கே எழுதப்படும். ஒவ்வொரு உண்மைக் கணினியிலும், அந்தக் கற்பனைக் கணினியைப்போல் நடிக்கும் சிறு நிரல் ஒன்று இருந்தால் போதும். இருபது கதைகள், பத்து நடிகர்கள். ஆக முப்பது வேலைகளோடு முடிந்தது. அந்தக் கற்பனைக் கணினியின் பெயர் இஸட்-மெஷின். அதற்குக் கதை எழுத அவர்கள் உருவாக்கிய மொழியின் பெயர் ஸில்.

இத்தகைய கணினியை மெய்நிகர் கணினி என்கிறோம். இக்கருத்தை முதலில் கண்டவர்கள் இவர்கள் அல்லர். தம் புகழ்பெற்ற பாடநூலின் முதல் தொகுதியை 1968-இல் வெளியிட்ட டொனால்ட் நூத், அதில் 'மிக்ஸ்' என்னும் கற்பனைக் கணினியை வைத்தே பாடம் நடத்தினார். 1995-இல் வந்த ஜாவா இதே கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. எனினும், கதைக்காகவே கணினி சமைத்த இன்ஃபோகாமின் முயற்சிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதைக் காண இஸட்-மெஷினின் உள்ளே சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

எந்தக் கணினியும் அடிப்படையில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. நினைவகத்தில் அடுத்திருக்கும் எண்ணை எடு, அது எந்தக் கட்டளை என்று பார், செய், அடுத்ததற்குப் போ. இஸட்-மெஷினுக்குக் கட்டளைகள் நூற்றைச் சுற்றியே. கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல், தாவுதல் ஆகியவை எல்லாக் கணினிகளுக்கும் பொது. ஆனால் வேறெந்தக் கணினியிலும் காணாத கட்டளைகள் சிலவும் இதில் உள்ளன. ஒரு பொருளை இன்னொரு பொருளுக்குள் வைப்பது அவற்றுள் ஒன்று. இக்கணினியின் நினைவகத்தில் உலகம் ஒரு குடும்ப மரமாக இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெற்றோர், ஒரு பிள்ளை, ஓர் உடன்பிறப்பு. அறையின் பிள்ளை மேசை; மேசையின் பிள்ளை விளக்கு; விளக்கின் உடன்பிறப்பு புத்தகம். விளக்கைக் கையில் எடுத்தால் விளக்கின் பெற்றோர் மாறிவிடுகிறது, அவ்வளவே. தொடக்ககாலப் பதிப்பில் ஒரு கதைக்கு 255 பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் 32 குணங்கள். எந்தக் குணம் எதைக் குறிக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது. அதைக் கதாசிரியரே முடிவு செய்வார். ஒரு கதையில் ஒன்பதாம் குணம் 'திறந்திருக்கிறது' என்பதாகலாம். இன்னொன்றில் 'காதலிக்கிறாள்' என்பதாகலாம்.

எழுத்தைச் சேமித்த முறை இன்னும் நுட்பமானது. ஓர் எழுத்துக்கு எட்டு பிட்டுகள் செலவிடுவது வழக்கமாக இருக்க, இவர்கள் ஐந்து பிட்டுகளில் அடக்கினார்கள். ஐந்து பிட்டுகளால் 32 குறியீடுகள் கிடைக்கும். இடைவெளிக்கு ஒன்று, அடிக்கடி வரும் சொற்களைச் சுருக்க மூன்று, பெரிய எழுத்து, நிறுத்தக்குறி ஆகியவை கொண்ட வேறு இரு பட்டியல்களுக்கு மாற இரண்டு என ஆறு போக, மிச்சம் 26. ஆங்கில நெடுங்கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை! இப்படி மூன்று குறியீடுகளைச் சேர்த்து 16 பிட்டுகளில் வைத்தார்கள். எஞ்சிய ஒரு பிட்டு, சொற்றொடர் முடிந்ததா என்பதைச் சொல்லும்.

இனி இதன் பயனைப் பார்ப்போம். 1980-இல் ஸோர்க்கின் முதற்பாகம் வீட்டுக் கணினிகளுக்கு வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கதைகள் தொடர்ந்தன. நாவலாசிரியர் டக்ளஸ் ஆடம்ஸ், ஸ்டீவ் மெரெட்ஸ்கியோடு இணைந்து, தம் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி'யை 1984-இல் இந்த வடிவில் எழுதினார். 1986-இல் இன்ஃபோகாமை ஆக்டிவிஷன் வாங்கியது. 1989-இல் இழுத்து மூடியது. அந்தக் கதைகள் ஓடிய கணினிகள் அருங்காட்சியகங்களுக்குப் போயின. கதைகளும் அவற்றோடு போயிருக்க வேண்டும்; ஆனால் போகவில்லை. இஸட்-மெஷினின் விதிகளை ஆர்வலர்கள் கதைக்கோப்புகளை ஆராய்ந்தே மீட்டெடுத்தனர். 1993-இல் கிரஹாம் நெல்சன் என்னும் ஆங்கிலேயர் (கணிதவியலர், கவிஞரும்கூட) இஸட்-மெஷினுக்குப் புதிய கதைகள் எழுத 'இன்ஃபார்ம்' என்னும் மொழியை உருவாக்கி இலவசமாகத் தந்தார். கணினியின் முழு இலக்கணமும் ஆவணமாக எழுதப்பட்டது. அதைப் படிக்கும் எவரும் சில வார உழைப்பில் தம் கணினியிலோ கைப்பேசியிலோ ஓர் இஸட்-மெஷினைச் செய்துகொள்ளலாம்; பலர் செய்திருக்கிறார்கள். 2025 நவம்பரில், ஸோர்க்கின் மூன்று பாகங்களின் மூலநிரலையும், ஆக்டிவிஷனை வாங்கியிருந்த மைக்ரோசாஃப்ட் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. உரிமையாளர் மனம் இரங்கும் முன்பே கதைகள் பிழைத்துக்கொண்டுவிட்டன என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுவது நேர்மை. அதே இன்ஃபோகாம் 1985-இல் 'கார்னர்ஸ்டோன்' என்னும் அலுவலகத் தரவுத்தள மென்பொருளை வெளியிட்டது. அதையும் மெய்நிகர் கணினியின் மேலேயே கட்டியது. அதற்குள் அலுவலகங்களில் ஐபிஎம் வகைக் கணினியே நிலைபெற்றுவிட்டதால், எல்லாக் கணினியிலும் ஓடும் திறமையை யாரும் பொருட்படுத்தவில்லை; வேகக்குறைவை மட்டுமே கண்டார்கள். நிறுவனம் கடனில் விழுந்து கைமாறியதற்கு அத்தோல்வியே பெருங்காரணம். நடிகர் வழியாகப் பேசுவதற்கு ஒரு விலை உண்டு. கதை அந்த விலையைத் தாங்கியது, ஏனெனில் வாசகர் படிக்கும் வேகத்தைவிடக் கணினி எப்போதும் வேகமானது. கணக்கேடு தாங்கவில்லை. எனவே மெய்நிகர் கணினி சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்ல வரவில்லை. நெடுங்காலம் நிலைக்க வேண்டியவற்றுக்கு அது ஏற்றது என்பதே நம் கருத்து.

நெடுங்காலம் என்னும்போது நம் கணினித்தமிழின் இளமைக்காலம் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் இறுதியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் தளத்துக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம். திஸ்கியா, டாமா, டாபா, யூனிகோடா என்று நாம் எல்லோரும் போட்ட சண்டைகளை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. இழந்தவற்றை நினைத்தால் வருவதில்லை. எழுத்துரு போனதும் எத்தனையோ பக்கங்கள் வெறும் கிறுக்கலாயின. தப்பியவை எவை? 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் தப்பின. திஸ்கியின் அட்டவணை எல்லோரும் காணும்படி வெளியிடப்பட்டிருந்ததால் அதிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளை யாராலும் எழுத முடிந்தது. தன் விதிகளை மூடி வைத்த எழுத்துருவில் சேமித்தவை அந்த எழுத்துருவோடு புதைந்தன. இஸட்-மெஷின் சொல்வதும் இதே பாடந்தான். எழுதியதைக் காப்பது இயந்திரமன்று. இயந்திரத்தின் விதிகள் எழுதி வைக்கப்பட்டிருப்பதே.

இனி நம் வாதத்துக்கு வருகிறோம். தமிழில் நிரல்மொழி வேண்டும் என்னும் குரல் நெடுநாளாகக் கேட்கிறது. பெரும்பாலும் அது ஆங்கிலக் கட்டளைச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களை இட்டு நிரப்புவதோடு முடிந்துவிடுகிறது. விதிவிலக்காக முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியைச் சொல்ல வேண்டும். அதில் நிபந்தனை முன்னே வர, 'ஆனால்' என்னும் சொல் பின்னே வருகிறது. தமிழின் தொடரமைப்பை மதித்த செயல் அது. ஆயினும் அதன் அடியில் இருக்கும் இயந்திரம் பைத்தான். அடித்தளத்திலிருந்தே தமிழை மனத்திற்கொண்டு ஒரு சிறு கணினியைக் கற்பனை செய்தால் என்னவாகும்? தாளும் பென்சிலும் எடுத்து அமர்ந்தால் முதற்கணமே நம் மொழியைப் பற்றிய கேள்விகள் நம்மைச் சூழ்ந்துகொள்கின்றன.

முதற்கேள்வி எழுத்து. 26 இடங்களே உள்ளன. நமக்கோ 247 எழுத்துகள். ஆனால் தொல்காப்பியர் முதலெழுத்துகள் முப்பது என்றே கணக்கிட்டார். உயிர்மெய்யைப் பிரித்து, 'க' என்பதை 'க்', 'அ' என இரு குறியீடுகளாக வைத்தால் புள்ளிக்கெனத் தனிக்குறி தேவையில்லை; உயிர்க்குறிகளும் தேவையில்லை. முப்பதே போதும். அப்போதும் நான்கு மிகுதி. எந்த நால்வரை வெளித்திண்ணையில், அதாவது இரண்டாம் பட்டியலில், உட்கார வைப்பது? ஔகாரத்தைச் சொல்லலாம், அது அரிதாகவே வரும். அடுத்து ஒகரமா, ஊகாரமா, ஙகர மெய்யா? ஙகரம் தனித்து வருவதில்லை. ஆனால் 'அங்கே', 'நாங்கள்', 'வேங்கை' என்று ககரத்தின் தோளில் ஏறி எங்கும் வருகிறது. ஆக, எண்ணிப் பார்க்காமல் சொல்ல முடியாது. பக்கம் பக்கமாக எண்ண வேண்டும். மொழியை நேசிக்கிறோம் என்று சொல்லும் நம்மில் எத்தனை பேர் அதன் எழுத்துகளை எண்ணியிருக்கிறோம்?

இம்முறையின் ஆதாயத்தை ஒரு சொல்லில் காட்டலாம். 'மரத்தை' என்பது ம், அ, ர், அ, த், த், ஐ என ஏழு ஒலிகள். மூன்று மூன்றாக அடுக்கினால் ஆறு பைட்டுகள் போதும். இன்று இணையத்தில் நாம் பயன்படுத்தும் யுடிஎஃப்-8 முறையில் அதே சொல் 18 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. இலக்கண ஆசிரியர்களின் பகுப்பு கணினிக்கும் சிக்கனமான பகுப்பாக அமைவது வியப்புக்குரியது.

இரண்டாம் கேள்வி சொல். இன்ஃபோகாமின் தொடக்ககாலக் கதைகளில் கணினியின் அகராதி ஒரு சொல்லின் முதல் ஆறு எழுத்துகளை மட்டுமே வைத்துக்கொண்டது. மிச்சத்தை வெட்டி எறிந்தது. ஆங்கிலத்தில் வாலை வெட்டினால் பெரிய இழப்பில்லை. தமிழிலோ பொருளின் உயிர்நிலை வாலில் இருக்கிறது. மரத்தை, மரத்தில், மரத்தால், மரத்துக்கு ஆகிய நான்கையும் ஆறு ஒலிகளில் வெட்டினால் நான்கும் ஒன்றாகிவிடும். மரத்தை வெட்டுவதும் மரத்தால் வெட்டுவதும் அந்தக் கணினிக்கு ஒன்றே! ஆகவே தமிழ்க் கணினி சொல்லை வலமிருந்து படிக்க வேண்டும். முதலில் வேற்றுமை உருபைக் கழற்ற வேண்டும். பிறகு சாரியையைக் கழற்ற வேண்டும். 'மரத்தை' என்பதில் ஐகாரம் போய், 'அத்து' போய், 'மரம்' கிடைக்கும். 'பெட்டியை' என்பதில் யகர உடம்படுமெய் போக வேண்டும். 'வீட்டை' என்பதில் இரட்டித்த டகரம் ஒன்றாகி 'வீடு' ஆக வேண்டும். நன்னூலை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கி மறந்தவர்கள் நாம். அதன் புணர்ச்சி விதிகளைத் தலைகீழாக ஓட்டினால் ஒரு நிரலின் மையப்பகுதி கிடைக்கிறது.

மூன்றாம் கேள்வி தொடர். 'கதவைத் திற' என்று வாசகர் தட்டச்சு செய்கிறார். 'கதவை'யின் பின் நிற்கும் தகர ஒற்று எதற்கு? இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நிற்பதால், வருமொழியின் வல்லினம் மிக்கது. அந்த ஒற்றைக் கண்டதும் அடுத்த சொல்லின் முதலெழுத்தோடு ஒப்பிட்டு நீக்க வேண்டும். பலர் ஒற்றிடாமலே எழுதுவர். அவரையும் கணினி மன்னிக்க வேண்டும். 'கதவு திற' என்று உருபே இல்லாமல் எழுதுவோரும் உண்டு, அது வேற்றுமைத்தொகை. தொல்லைகளுக்கு ஈடாக ஒரு வசதியும் கிடைக்கிறது. 'விளக்கைப் பெட்டிக்குள் வை' என்றாலும் 'பெட்டிக்குள் விளக்கை வை' என்றாலும் பொருள் மாறாது. ஏவல்வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்துக்கு எழுதியவர்கள் சொல் நிற்கும் வரிசையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியிருந்தது. நமக்கு உருபே வழிகாட்டி.

'இன்று தமிழில் என்ன கேட்டாலும் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இந்தக் கைத்தொழில் எதற்கு?' என்று கேட்பீர்கள். மறுக்க முடியாத கேள்விதான். அந்த இயந்திரங்கள் நாம் எழுதிய விதிகள் ஏதுமின்றியே 'மரத்தை' என்பதைப் புரிந்துகொள்கின்றன. ஆனால் எப்படிப் புரிந்துகொண்டன என்பதை நம்மால் ஒரு தாளில் எழுதிக் காட்ட முடியாது. அவற்றை இயக்கும் நிறுவனம் கதவைச் சாத்தும் நாளில், அவ்விலக்கணத்தை நாம் மீட்டெடுக்கவும் முடியாது. பேருந்தில் போகிறவர் நடக்கத் தெரியாதவராக இருக்கலாகாது என்பதே நம் கவலை. ஒரு கணினியை முதலிலிருந்து முடிவுவரை ஒரு மனித மனத்துக்குள் முழுவதுமாக வைத்துப் பார்க்க முடியும் என்பதை நேரில் உணர்ந்தவன், பிறகு எந்தப் பெரிய இயந்திரத்தின்முன்னும் கைகட்டி நிற்க மாட்டான்.

இது பொறியாளர்கள் மட்டும் செய்யக்கூடிய வேலையன்று என்பதையும் வலியுறுத்த விரும்புகிறோம். கட்டளைகளை எடுத்து, பார்த்து, செய்யும் சுழலை எழுத நிரலறிந்த ஓர் இளைஞர் போதும். எந்த நான்கு எழுத்துகளை வெளியே வைப்பது, எந்தச் சாரியையை எப்போது கழற்றுவது, எந்த ஒற்றை மன்னிப்பது என்று முடிவு செய்ய இலக்கணமறிந்த தமிழாசிரியர் வேண்டும். அந்த உலகில் என்ன நடக்கிறது என்று சொல்லக் கதாசிரியர் வேண்டும். இம்மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்த நாள் தமிழில் மிகக் குறைவு. ஒருவர் மொழியை மற்றவர் அறியாமல், ஒருவரையொருவர் இளக்காரமாகப் பார்த்தே காலத்தைக் கழித்துவிட்டோம்.

ஆகவே நம் வேண்டுகோள் இது. பெரிய திட்டம் வேண்டாம். நிதிக்கு மனுப்போட வேண்டாம். இருபது பக்கத்துக்கு மிகாத ஓர் ஆவணம் எழுதுவோம்: இத்தனை நினைவகம், இத்தனை கட்டளைகள், எழுத்து இவ்வாறு, சொல் இவ்வாறு, தொடர் இவ்வாறு. அதை எல்லோரும் படிக்கப் பொதுவில் வைப்போம். அதன்மேல் ஒரே ஓர் அறை, ஒரு கதவு, ஒரு விளக்கு உள்ள சின்னஞ்சிறு கதை ஒன்று ஓடட்டும். வாசகர் 'விளக்கை ஏற்று' என்று எழுதும்போது அவ்வறையில் வெளிச்சம் வரட்டும். அதை எழுதிய நம் கணினிகள் பழுதாகிக் கழிந்த பின்னும், யாரோ ஒருவர் அந்த இருபது பக்கங்களைப் படித்து, அன்றைய இயந்திரத்தில் அதே விளக்கை மீண்டும் ஏற்றுவார். இலக்கணம் எழுதியவர்கள் நமக்குச் செய்ததும் அதுதானே.